அப்பா சொல்வதா, அத்தை சொல்வதா? பழைய நாட்களின் நினைவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 78 வயது. பழைய நாட்களைப் பற்றி நிறையப் பேசுகிறார். தான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே வீட்டுக்கு டெலிபோன் வந்துவிட்டது என்கிறார். அத்தையோ, "என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் போனே வந்துச்சு, அவனுக்கு என்ன தெரியும்" என்கிறார். போதாததற்கு, போன வருடம் சொன்ன கதையையே அப்பா இந்த வருடம் வேறு மாதிரி சொல்கிறார். யார் சொல்வதை நம்புவது, இதையெல்லாம் பதிவுசெய்து வைப்பதில் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். யார் சரி என்பதை விட உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரு வருடக் கணக்கையே மாற்றிச் சொல்கிற மனிதர், அன்றைய வாழ்க்கை இப்படி இருந்தது என்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

வயதானவர்களிடம் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் கொண்டுவருவது இருபது வருடங்களுக்கு மேலாக என் வேலை. வாய்மொழி வரலாறு என்று இதற்குப் பெயர். நினைவு பற்றிய உளவியல் ஆய்வுகளை வேலைக்காகவே தேடிப் படித்திருக்கிறேன். ஆனால் நான் மருத்துவர் இல்லை. அதனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: அறுபது வருடத்துக்கு முந்தைய கதை கொஞ்சம் கொஞ்சம் மாறுவது எல்லோருக்கும் நடப்பது, அதை வைத்துப் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் முன்பு கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார் என்றால் அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான். எப்போது நடந்தது, எது முதலில் நடந்தது, "எங்கள் வீட்டில்தான் முதல் முதலாக" போன்ற விஷயங்களில் நினைவு பலவீனமானது. எப்படிச் செய்தோம், எங்கே வைத்தோம், யார் செய்தார்கள் என்பதில், அதுவும் தினமும் செய்த காரியமாக இருந்தால், நினைவு நன்றாகவே நிற்கும். அப்பாவின் தேதி தப்பாக இருப்பதை வைத்து அவருடைய அன்றாடத்தையும் தள்ளிவிட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இதை நான் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. வில்லெம் வாகெனார் என்ற நெதர்லாந்து உளவியலாளர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். ஆறு வருடம், தினமும் ஒன்றோ இரண்டோ நிகழ்ச்சிகளை எழுதி வைத்தார். யார், என்ன, எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு குறிப்பு. மொத்தம் 2,400 நிகழ்ச்சிகள் சேர்ந்தன. பிறகு ஒரு குறிப்பை மட்டும் பார்த்து மற்றதை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். என்ன நடந்தது என்ற குறிப்பு கிடைத்தால் மற்றவை ஓரளவு பின்னாலேயே வந்தன. தேதியை மட்டும் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. 1986இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். தன் கைப்பட எழுதியவருக்கே இந்த நிலை என்றால், அறுபது வருடம் கழித்து "எந்த வருஷம்ப்பா?" என்று கேட்டால் அப்பா என்ன செய்வார்? ஏதோ ஒரு வருடத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்கிறார்.

இதற்குச் சற்று முன்பே மேரிகோல்ட் லின்டன் என்ற அமெரிக்க உளவியலாளரும் இதே போல ஆறு வருடம் தன் நாட்களை எழுதிவைத்துத் தன்னைத்தானே சோதித்தார். அவர் கண்ட ஒன்று நம் விஷயத்துக்கு மிக முக்கியம். ஒரே மாதிரியான காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக நிற்பதில்லை. அவை ஒன்றோடு ஒன்று கலந்து, "இப்படித்தான் நடக்கும்" என்ற பொதுவான அறிவாகிவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட நாளைத் தேடுகிறவருக்கு இது இழப்பு. அன்றாட வாழ்க்கையைத் தேடுகிறவருக்கு இதுதான் வேண்டியது. ஆயிரம் காலைப்பொழுதுகள் கரைந்து ஒரு காலைப்பொழுதாக மனதில் படிந்திருக்கிறது. அப்பா "நாங்க காலையில..." என்று ஆரம்பிக்கும்போது அவர் சொல்வது அப்படிப் படிந்ததைத்தான்.

உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரத்தில், அவருடைய சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன் என்பவர் வெள்ளை மாளிகையில் நடந்த பேச்சுகளை 1973இல் செனட் குழு முன் அசாத்திய நுணுக்கத்தோடு சொன்னார். பிறகுதான் அந்த அறையில் நடந்த பேச்சுகள் டேப்பில் பதிவாகியிருந்தது தெரியவந்தது. இரண்டையும் நைசர் ஒப்பிட்டுப் பார்த்தார். இன்ன நாளில் இன்னார் இன்னது சொன்னார் என்பதில் டீன் பல இடங்களில் தவறியிருந்தார். ஆனால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது, யாருக்கு என்ன தெரியும் என்ற ஒட்டுமொத்தச் சித்திரம் சரியாகவே இருந்தது. உங்கள் அப்பாவையும் இப்படித்தான் கேட்க வேண்டும்.

இனி என் வேலையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம், வீட்டுக்கு மின்விளக்கு வந்தபோது என்ன மாறியது என்று கேட்டேன். "எல்லாம் வெளிச்சமாயிடுச்சு, வேறென்ன" என்றார். அதோடு நின்றுவிட்டது. யார் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, அதற்கு முன்பிருந்த மண்ணெண்ணெய் விளக்கை யார் துடைப்பது என்று கேட்டேன். பதில் வாயிலிருந்து வருவதற்குள் கை எழுந்துவிட்டது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் ஒட்டி, கையை ஒரு குழல் மாதிரி ஆக்கினார். இல்லாத ஒரு சிம்னிக் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டுத் திருப்பினார். பெரியவர்கள் கை அந்தக் கண்ணாடிக்குள் நுழையாது, அதனால் அது குழந்தைகள் வேலை என்றார். சாயங்காலம் விளையாட்டு முடிந்து வந்ததும் முதல் காரியம் அது. துணியைச் சுருட்டி உள்ளே விட வேண்டும், புகைக்கரி நகக்கண்ணில் ஏறிவிடும், சூடு ஆறுவதற்கு முன் ஈரத்துணி பட்டால் விரிசல் விடும், அடி விழும். ஒரு நாள் கை உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து வேலை தம்பிக்கு மாறியது. தான் பெரியவளாகிவிட்டதை அன்றுதான் உணர்ந்ததாகச் சொன்னார். எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கை மடங்கியே இருக்கும்.

அந்தக் கை காட்டியதில் சந்தேகப்பட எனக்கு எதுவும் இல்லை. பழகிய வேலையை உடல் வேறு விதமாகச் சேமித்து வைத்திருக்கிறது என்பது உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நிகழ்ச்சிகளை மறந்தவர்கள்கூடப் பெரும்பாலும் செயல்களை மறப்பதில்லை. ஆனால் "பெரியவளாகிவிட்டேன் என்று அன்றுதான் உணர்ந்தேன்" என்பது? அது அன்றே தோன்றியதா, பின்னாளில் திரும்பிப் பார்த்தபோது சேர்ந்துகொண்டதா என்று அவரே பிரித்துச் சொல்ல முடியாது. கேட்கிற என்னாலும் முடியாது. இரண்டையும் எழுதி வைப்பேன். முதலாவதை ஒரு வீட்டின் நடைமுறையாக எடுத்துக்கொள்வேன், இரண்டாவதை அந்த அம்மா தன் வாழ்க்கைக்குக் கொடுக்கிற அர்த்தமாக எடுத்துக்கொள்வேன். இரண்டும் எனக்கு வேண்டும்.

கதை ஏன் மாறுகிறது என்பதற்கு வருவோம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நாம் நினைவைப் புதிதாகக் கட்டுகிறோம். கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேய வாசகர்களிடம் கொடுத்து, சில நாள், சில மாதம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது. புரியாத பகுதிகள் உதிர்ந்தன. பழக்கமில்லாத மரத்தோணி, பழக்கப்பட்ட படகாக மாறியது. 1932இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் நிற்கிறது. அப்பாவின் கதையிலும் இதுதான் நடக்கிறது: இன்று கேட்கிறவருக்குப் புரியாத விவரங்களை அவர் தன்னையறியாமலேயே கைவிடுகிறார். நீங்கள் இடையில் "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்காவிட்டால் தோணி படகாகிக்கொண்டே போகும்.

"அடிச்சுச் சொல்றேன், நல்லா ஞாபகம் இருக்கு" என்று அவர் சொன்னால்? உறுதியாகச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் ஒன்றல்ல. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே நைசரும் அவருடைய மாணவி நிக்கோல் ஹார்ஷும் கல்லூரி மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் மூலம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு எல்லா முக்கிய விவரமும் தவறு. தவறியவர்களில் பலர் தங்கள் நினைவு மிகத் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய பதிலைக் காட்டியபோதும் நினைவு திரும்பவில்லை. எழுதியதுதான் தப்பாக இருக்கும் என்றவர்களும் உண்டு. இவர்கள் இளைஞர்கள், கடந்தது வெறும் இரண்டரை வருடம். அப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் உறுதியாக நிற்பதில் வியப்பில்லை, இருவரும் பொய் சொல்லவுமில்லை.

அந்த டெலிபோன் விஷயத்தில் என் ஊகம் இது. வருடத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் நம் வாழ்க்கையின் பெரிய கம்பத்தில் சிறிய நினைவுகளைக் கட்டி வைக்கிறோம். அத்தைக்குக் கல்யாணம் ஒரு கம்பம். அப்பாவுக்கு ஆறாம் வகுப்பு ஏதோ ஒரு காரணத்தால் கம்பம். பள்ளி மாறினாரா, வீடு மாறினார்களா, யாராவது இறந்தார்களா என்று கேளுங்கள். அவர் சொல்வது வேறொரு போனாகவும் இருக்கலாம்: பக்கத்து வீட்டுக்கு வந்த போன், அழைப்பு வந்தால் ஓடிப்போய்ப் பேசிய போன். சிறுவனின் நினைவில் அது "நம்ம போன்" ஆகிவிடுவது சுலபம். தேதி உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் மனிதர்களை விட்டுவிட்டுக் காகிதங்களைத் தேடுங்கள். பழைய பில், கடிதத்தின் மேல் அச்சிட்ட எண், முகவரி நோட்டில் எண் எழுதப்பட்ட மை எல்லாம் நாக்கை விட நல்ல சாட்சிகள்.

ஆனாலும் தவறான தேதியை அடித்துத் திருத்திவிடாதீர்கள். இத்தாலியில் டெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேருவதை எதிர்த்த ஊர்வலத்தின்போது லூயிஜி த்ராஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி போலீஸ் சுட்டு இறந்தார். பல வருடம் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்தெல்லி என்ற வாய்மொழி வரலாற்றாளர் அந்த ஊர் மக்களிடம் பேசியபோது, நிறையப் பேர் அந்த மரணத்தை 1953இல், ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த பெரிய போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். ஒருவர் இருவர் என்றால் மறதி எனலாம். ஊரே ஒரே திசையில் தவறுகிறது என்றால் அந்தத் தவறுக்கு அர்த்தம் இருக்கிறது. பதிலடி எதுவும் இல்லாமல் முடிந்துபோன ஒரு சாவை அவர்களால் அப்படியே விட முடியவில்லை, தாங்கள் எதிர்த்து நின்ற நாளுக்கு அதைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது போர்தெல்லியின் விளக்கம். என் தொழிலில் இருப்பவர்கள் தவறுகளைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றது பெரும்பாலும் அவரிடமிருந்துதான். அப்பா ஏன் அந்த போனைத் தன் பள்ளிப்பருவத்துக்குள் இழுத்துக்கொண்டார் என்பது, அது என்று வந்தது என்பதை விட உங்களுக்கு அதிகம் சொல்லக்கூடும்.

நான் மிக அதிகமாகச் சந்தேகப்படுவது ஒன்று இருக்கிறது. "அந்தக் காலத்துல மனுஷங்க நல்லவங்களா இருந்தாங்க, பயமில்லாம இருந்தோம், இப்ப காலம் கெட்டுப்போச்சு." இது நினைவு மாதிரி ஒலிக்கும், ஆனால் இது தீர்ப்பு. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவை விகிதத்துக்கு மீறி அதிகமாக வரும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். இப்படிச் சொல்கிறவர், தன் உடல் நன்றாக இருந்த, எல்லாம் புதிதாக இருந்த வருடங்களோடு இன்றைய முதுமையை ஒப்பிடுகிறார். தன்னில் ஏற்பட்ட மாற்றத்தை உலகத்தின் மாற்றமாக மனிதர்கள் எடுத்துக்கொள்வதை 2003இல் ஐபாக், லிபி, கிலோவிச் ஆகிய மூன்று உளவியலாளர்கள் காட்டினார்கள். முதல் குழந்தை பிறந்தவர்களுக்கு உலகம் திடீரென்று ஆபத்தானதாகத் தெரிகிறது, உண்மையில் மாறியது உலகமல்ல, அவர்கள் சுமக்கிற பொறுப்பு. இதற்காக அப்பாவிடம் வாதாட வேண்டாம். "பயமில்லாம இருந்தோம்னா, ராத்திரி கதவைப் பூட்டுவீங்களா, சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேளுங்கள். தீர்ப்பு நினைவாக மாறிவிடும். கதவு திறந்தே இருந்தது என்பார், அல்லது யோசித்துவிட்டு, பாட்டி தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார் என்பார்.

இதுவரை சொன்னது, சொல்லப்படுகிறதை எப்படி எடைபோடுவது என்பது. சொல்லப்படாததுதான் எனக்குப் பெரிய கவலை. மாற்றம் என்று கேட்டால் எல்லோரும் பொருள்களைச் சொல்வார்கள்: ரேடியோ வந்தது, டிவி வந்தது, போன் வந்தது. பொருள் வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யாரும் தானாகச் சொல்வதில்லை, அது சொல்லத்தக்கதாக அவர்களுக்கே தோன்றாது. பிரிட்டனில் 1937இல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற முயற்சி இதை நன்றாகப் புரிந்துகொண்டது. சாதாரண மனிதர்களைத் தங்கள் சாதாரண நாளை எழுதச் சொன்னார்கள். குளிர்காய வீட்டுச் சுவரில் கட்டிய கணப்படுப்பின் மேல்தட்டில் இருக்கும் பொருட்களை இடமிருந்து வலமாக வரிசையாக எழுதி அனுப்பச் சொன்னார்கள். அன்று பார்த்தவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்திருக்கும். இன்று ஒரு வீட்டுக்குள் நுழைய அதைவிட நல்ல கதவு இல்லை. உங்கள் அப்பாவிடமும் அப்படியே கேட்கலாம்: போன் இருந்த மேஜையில் வேறு என்னென்ன இருந்தன, இடது பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.

காத்திருப்பு என்ற ஒன்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்வேன். எந்த ஊரில், எந்த மொழிக்காரரிடம் பேசினாலும் அன்றாடத்தில் மிக ஆழமாக மாறியது இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்கள். வெளியே போனவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலம். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம்தான், எடுத்தது சரியாக வந்ததா என்று கழுவி வரும் வரை தெரியாது, அதில் கண் மூடியிருந்தால் மூடியதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சந்தேகம் எழுந்தால் தீர்த்துக்கொள்ள வழியில்லாமல் வாரக்கணக்கில் அப்படியே விட்டது. அந்த நேரத்தில் என்ன செய்தார்கள், கையில் என்ன வேலை இருந்தது, கவலையா, அல்லது அது கவலையாகவே தோன்றவில்லையா? சொன்ன நேரத்துக்கு ஒருவர் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை எந்த அரசு ஆவணத்திலும் தேடிப் பிடிக்க முடியாது.

கேட்கும் விதத்தில் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரிடம், "அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்களே" என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் கஷ்டமாகவே சொன்னார். அவர் பேத்தி பிறகு கேட்டுவிட்டு, "தாத்தா எங்ககிட்ட இப்படிப் பேசினதே இல்லையே, நதியில குதிச்ச கதையைத்தானே எப்பவும் சொல்வார்" என்றாள். நான் கேட்ட மாதிரி அவர் கொடுத்தார். திரும்பப் போய்க் கேட்பதற்குள் அவர் இறந்துவிட்டார். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் செய்த சோதனையில், ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் "மோதியபோது" என்றும், "நொறுங்க மோதியபோது" என்றும் வேறு வேறு சொல்லில் வேகத்தைக் கேட்டார்கள். சொல் கடுமையாக இருந்தால் வேகமும் கூடியது. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் கடுமையான சொல்லைக் கேட்டவர்களில்தான் அதிகம். ஆகவே கஷ்டம், சந்தோஷம், நல்ல காலம் என்ற சொற்கள் உங்கள் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது. "ஒரு சாதாரண நாள், விசேஷம் எதுவும் இல்லாத நாள், கண் விழித்ததிலிருந்து சொல்லுங்கப்பா" என்பது போதும். யார் முதலில் எழுந்தது, இருட்டா வெளிச்சமா, முதலில் காதில் விழுந்த சத்தம் எது என்று நடுவில் எடுத்துக்கொடுங்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருங்கள், பெரும்பாலும் நல்ல விஷயம் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வரும்.

அப்பாவையும் அத்தையையும் சேர்த்து உட்கார வைக்கலாமா? முதலில் தனித்தனியாக. சேர்ந்து நினைவுகூரும் குழு, அதே ஆட்கள் தனியாகச் சொல்வதன் கூட்டுத்தொகையை விடக் குறைவாகவே சொல்கிறது என்பது 1990களிலிருந்து சோதனைகளில் தெரிந்த விஷயம். ஒருவர் பேச்சு மற்றவரின் நூலை அறுத்துவிடுகிறது. வீட்டில் யார் குரல் பெரிதோ அவர் கதை வீட்டின் கதையாகிவிடுகிற ஆபத்தும் உண்டு. இரண்டு பேரையும் தனியாகப் பதிவுசெய்த பிறகு சேர்த்து உட்கார வையுங்கள், அப்போது சண்டை போடட்டும். "இல்லடா, அந்த மேஜை ஜன்னல் பக்கம் இருந்துச்சு" என்று அத்தை குறுக்கே புகும்போது கிடைக்கிற விவரம் வேறெப்படியும் கிடைக்காது.

பழைய படங்களைக் காட்டிக் கேட்பது நல்ல வழிதான், ஆனால் வரிசை முக்கியம். கதை முதலில், படம் பிறகு. 2002இல் கிம்பர்லி வேடும் உடன் ஆய்வாளர்களும் 20 பேரிடம், அவர்கள் சிறுவயதில் பலூனில் பறப்பது போல ஒட்டு வேலை செய்த படத்தைக் காட்டினார்கள். நடக்கவே நடக்காத அந்தப் பயணத்தைப் பாதிப்பேர் ஓரளவாவது நினைவுகூர்ந்தார்கள். உண்மையான படமும் இதைச் செய்யும்: படத்தில் இருப்பது நினைவாகிவிடும், படத்துக்கு வெளியே இருந்தது நழுவிவிடும். படத்தைக் கையில் கொடுத்த பிறகு, இதை எடுத்தவர் யார், அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டால் சட்டகத்துக்கு வெளியே போக முடியும்.

பதிவு வேலைக்கு உங்கள் செல்போனே போதும். ஃபேனை நிறுத்துங்கள், டிவியை நிறுத்துங்கள், போனை அவருக்குப் பக்கத்தில் துணி விரித்து அதன் மேல் வையுங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறோம் என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரம் போதும், களைத்தவரிடம் பிடுங்க வேண்டாம். அன்றே இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள், தொலைந்த பதிவுக்கு மருந்தில்லை. எழுதும்போது அவர் பேச்சை உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். கையால் காட்டினால், "இந்த அளவுன்னா, முழங்கை வரைக்குமாப்பா?" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பதிவாக்குங்கள், ஒலிப்பதிவில் கை தெரியாது. பதிவுசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு பகுதியை யாருக்கும் போட்டுக் காட்டாதே என்றால் காட்டாதீர்கள்.

சில நாட்களில் பேச்சு வலிக்கிற இடத்துக்குப் போகும். வயதானவர்கள் பழையதையே பேசுவதை வெறும் முதுமைக் கோளாறு என்று மருத்துவர்கள்கூடப் பார்த்த காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல், வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்வது முதுமையின் இயல்பான வேலை என்று எழுதினார். அது எல்லோருக்கும் ஆறுதலில் முடியும் என்று அவரும் சொல்லவில்லை, சிலருக்கு வருத்தத்தையும் குற்ற உணர்வையும் கிளறும். அப்பா ஒரு விஷயத்தை இரண்டு தடவை சுற்றிக்கொண்டு போனால் மூன்றாவது தடவை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அவரே வந்தால் பக்கத்தில் இருங்கள்.

எழுதி முடிக்கும்போது, அந்த போன் வந்த நாளுக்கு ஒரே விடை கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "அப்பா சொல்வது இது, அத்தை சொல்வது இது, முகவரி நோட்டில் எண் முதலில் தென்படுவது இந்தப் பக்கத்தில்" என்று மூன்றையும் அருகருகே வையுங்கள். போன வருடம் அப்பா சொன்ன வடிவம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அதையும் தேதி போட்டுச் சேருங்கள். நாளைக்கே அவரிடம் உட்கார்ந்தால், மணி அடித்ததும் யார் ஓடிப்போய் எடுப்பார்கள், எடுத்ததும் முதலில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு ஆரம்பியுங்கள். எண்ணைச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அத்தையிடமும் அதையே, அடுத்த வாரம்.